பூக்கட்டிப் பார்த்த பிரீமியம்

தமிழ்நாட்டில் இன்சூரன்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறி, போஸ்டிங் கல்கத்தா என்று தெரிந்ததும் வீட்டில் ஒருமுறை அழுது தீர்த்துவிட்டு, குக்கரும் பருப்புப்பொடியுமாக ஹவுராவில் வந்து இறங்கியிருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த மறுநாளே டிரான்ஸ்பருக்கு மனுப் போடுவது எப்படி என்று நீங்கள் விசாரித்துக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு என்னிடம் வழி கிடையாது. நான் லேக் கார்டன்ஸில் பிறந்து, இதே ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து, இதே ஊரில் ரிட்டயர் ஆனவள். என் தமிழில் அங்கங்கே பெங்காலி வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்களில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து ஃப்ளாட்காரர் அவளிடம், கடற்கரையில் ஒரு வீடு வாங்கினால் இன்சூரன்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று சும்மா கேட்டு வைத்தார். அவள் போனை எடுத்தாள், நாலு இடத்தில் தட்டினாள், தொகையைச் சொல்லிவிட்டாள். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் வந்த ஒரு கேள்விக்கு அவரைக் கேட்காமல் தானே ‘ஆம்’ என்று அவள் தட்டியதையும் பார்த்துவிட்டேன். வீட்டில் தொடர்ந்து ஆள் குடியிருப்பார்களா என்பது கேள்வி. குடியிருக்காமல் பின்னே எதற்கு வீடு என்று நினைத்திருப்பாள். அவளைத் திட்ட வாய் வந்தது. விருந்தாளியாக வந்தவளைத் திட்டக்கூடாது என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

நான் ரிட்டயர் ஆவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. அடுத்தடுத்துப் புயல்கள் வந்து போயிருந்த காலம் அது. திகா பக்கத்தில் கடலோர வீடு என்று யார் வந்தாலும் எங்கள் மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். ரேட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில், இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று ஒரு வரம்பைக் கொடுத்து, அதற்குள் எவ்வளவு என்பதை இடத்தை நேரில் பார்க்கிற அதிகாரி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் கிளையில் அந்த அதிகாரி நான்.

ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு முன்னால் வயதான தம்பதி ஒன்று வந்து உட்கார்ந்தது. பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, “தமிழா?” என்று கேட்டு, ஆமாம் என்றதும் இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்தது. அவர் சங்கரலிங்கம், துறைமுகத்தில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வடிவு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், ஜாதவ்பூரில் சொந்த ஃப்ளாட், ஒரே மகன் புனேயில். சங்கரலிங்கத்துடன் வேலை பார்த்த பெங்காலி நண்பர் ஒருவர் திகாவுக்குச் சற்று முன்னால் கடலை ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு கட்டியிருந்தார். இப்போது அதை விற்கப் போகிறார். ஜாதவ்பூர் ஃப்ளாட்டைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டை வாங்கி, இனி அங்கேயே இருந்துவிடலாம் என்பது சங்கரலிங்கத்தின் திட்டம்.

“அக்காவுக்கும் அதே எண்ணம்தானா?” என்று கேட்டேன்.

“அவளுக்கும்தான்,” என்றார் அவர். வடிவு அக்கா என் பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உண்மையைச் சொல்லப் போனா மேடம், வீட்டுல ஒரு நேரம் போகலாம்னு இருக்கு, ஒரு நேரம் வேண்டாம்னு இருக்கு. அதான் ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணினோம். கடலைப் பத்தி உங்க ஆபீசுக்குத் தெரியாததா? வருஷத்துக்கு நீங்க கேக்கிற பிரீமியம் என் அரை மாசப் பென்ஷனுக்குள்ள அடங்கிச்சுன்னா போறோம். தாண்டிச்சுன்னா அந்தப் பேச்சையே விட்டுருதோம்.”

“பூக்கட்டிப் பாக்கிற மாதிரின்னு வச்சுக்கிடுங்கம்மா,” என்றார் வடிவு அக்கா.

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம், அதுதான் சாமியின் உத்தரவு. கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், நிலம் வாங்கப் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் ஆபீசை சந்நிதியாக்கிப் பூக்கட்டிப் பார்த்தவர்களை நான் அன்றுதான் கண்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டைப் பார்க்காமல் தொகை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை, சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“சனிக்கிழமையைத் தாண்ட வேண்டாம் மேடம். ஃப்ளாட்டுக்கு ஆள் வந்தாச்சு. திங்கக்கிழமை அட்வான்ஸ் வாங்கிக்கிடுதேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றார் சங்கரலிங்கம். அட்வான்ஸில் கை வைத்துவிட்டால் அவர் பின்வாங்குகிற ஆள் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த வயதில் இருக்கிற ஒரே கூரையை விற்கப் போகிறார்கள், அதை என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு தொகையை நம்பிச் செய்யப் போகிறார்கள் என்று அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் சங்கரலிங்கம் மட்டும் வந்தார். எங்கள் ஆபீஸ் அப்போது முதல் மாடியில் இருந்தது. வந்து உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “என்ன வெயில்,” என்றார். காலையிலிருந்து மூடாப்பாக இருந்த நாள் அது.

“தொகை கூடத்தான் வரும்னு எனக்குத் தெரியும் மேடம். அவகிட்ட மட்டும் குறைச்சுச் சொல்லுங்க. மிச்சத்தை நான் தனியாக் கட்டிடுதேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

“ஒரு பாலிசிக்கு ரெண்டு தொகை கிடையாது சார்.”

“தெரியும். நானும் கணக்குல இருந்தவன்தான்.” சிரித்தார். “எங்களுக்குப் பேசி முடிக்கும்போது மாப்பிள்ளைக்குக் கல்கத்தா ஹார்பர்ல வேலைன்னு சொன்னாங்க. அவளுக்கு ஊர் திருச்செந்தூர் பக்கம். வாசல்ல நின்னா கடல். ஹார்பர்னா கடல் இருக்கும்லா, அந்த நம்பிக்கையில வந்துட்டா. கிதர்பூர் குவார்ட்டர்ஸ்ல வந்து இறங்கி, முத நாள் சாயங்காலமே கடல் பாக்கப் போவோமான்னு கேட்டா. நான் ஆத்தைத்தான் காட்டினேன்.”

கல்கத்தா துறைமுகம் ஹூக்ளி ஆற்றில் இருக்கிறது. கப்பல் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வர வேண்டும். இங்கே பிறந்த எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. திருச்செந்தூர்ப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

“அழுதாங்களா?”

“அழுதிருந்தா பரவாயில்லையே. நல்லாப் பெரிய ஆறுதான்னு சொன்னா. அப்புறம் இன்னைக்கு வரைக்கும் கடல்ங்கிற பேச்சை எடுத்ததில்லை. அன்னைக்கே மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன் மேடம், வேலை முடிஞ்சதும் கடல் தெரியிற வீட்டுல இவளை உக்கார வைக்கணும்னு. தொகையைப் பாத்து அவ வேண்டாம்னுட்டா என்னால தாங்க முடியாது.”

எந்தத் தொகையானாலும் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொல்வேன் என்று சொல்லி அனுப்பினேன். மனுஷர் கோபப்படவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று இறங்கியதைப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாள் வடிவு அக்கா வந்தார். கையில் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து. சாமியிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் நைவேத்தியம் வைக்க வேண்டும் அல்லவா, அந்த முறை தவறவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, என்ன விஷயம் என்று கேட்டேன்.

“தொகையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கம்மா. அரை மாசப் பென்ஷனைத் தாண்டிரணும்.”

நான் டப்பாவை மூடினேன். “கடல் பிடிக்கலையா அக்கா?”

“கடல் பிடிக்காம இருக்குமா? அவுகளுக்கு நெஞ்சுல கோளாறு. மூச்சு முட்டு. டாக்டர் மருந்து மாத்தி மாத்திக் குடுக்காரு. இங்கேன்னா ரிக்‌ஷாவுல ஏத்தினா ஆஸ்பத்திரி. அங்கே அந்த மணக்காட்டுல நான் யாரைக் கூப்பிட்டு எங்கே தூக்கிட்டு ஓட?”

“இதை அவர்கிட்டயே சொல்லலாமே.”

“சொல்லிரலாம். உன் ஆசை ஒண்ணைக்கூட நிறைவேத்த முடியாதவனாப் போயிட்டேனான்னு உக்காந்துருவாக. தனக்குச் சீக்குன்னு அவுக வாயால இதுவரைக்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லம்மா. ஆபீஸ்ல கூடுதலாக் கேட்டுட்டாகன்னா, பென்ஷன் பத்தலைன்னு போயிரும். அவுக தோத்த மாதிரி இருக்காது.”

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒருவர் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் இரண்டிலும் சிவப்பை வைக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் தங்களுக்காகக் கேட்கவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

மனதுக்குள் நான் வடிவு அக்கா கட்சிதான். அதை மறைக்கவில்லை. எங்கள் தொழிலில் தொகையை ஏற்றிச் சொல்வதைவிடச் சுலபமான காரியம் கிடையாது. கடலோரம் என்ற ஒரு வார்த்தை போதும், மேலே இருப்பவர்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவார்கள், வாடிக்கையாளரும் தலையெழுத்து என்று போய்விடுவார். நல்லெண்ணத்தோடு பொய் சொல்லலாம், சட்டமும் தடுக்காது என்ற இடத்தில் நிற்பது இருக்கிறதே, அதுதான் உங்களுக்கு இந்த வேலையில் வரப்போகிற பெரிய சங்கடம். திருட்டு கிளெய்மைக் கண்டுபிடிப்பதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. என் மேனேஜர் என்னைவிட இளையவர். “ஒரு சின்ன வீட்டுக்கு இத்தனை யோசனையா தீதி? ஒரு தொகையைப் போட்டு மெயில் அனுப்பிவிடுங்கள்,” என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. மெயிலில் அனுப்பியிருந்தால் ஒருவர் முகத்தையும் நான் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

சனிக்கிழமை காலை இருவரையும் என்னோடு வரச் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் போய் வருவதுதான் வழக்கம். ஹவுராவில் திகா வண்டி நிற்கிற பிளாட்பாரத்துக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். பாதி வழியில் ஒரு பெஞ்சைக் கண்டதும் வடிவு அக்கா நின்றுவிட்டார்.

“எனக்குக் கால் வலிக்கி. செத்த உக்காந்துட்டுப் போவோம்.”

“இவளைக் கூட்டிட்டு வந்தா இதான் மேடம். பத்தடி நடந்தா கால் வலிக்கும்பா,” என்று அலுத்துக்கொண்டே சங்கரலிங்கம் உட்கார்ந்தார். அவருக்குத் தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. வடிவு அக்கா குனிந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சங்கரலிங்கத்தின் மூச்சு சீரானதும், “இப்போ தேவலை,” என்று சொல்லி எழுந்தார். அடுத்த பெஞ்சிலும் இதே கதை நடந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா முழங்காலைப் பிடித்தபடி அவருடைய மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இப்படி இல்லாத கால்வலியைச் சுமந்து அவருக்குப் பெஞ்சு தேடிக் கொடுக்கிறாரோ தெரியாது.

வண்டியில் சங்கரலிங்கம் ஜன்னலோரத்தை அக்காவுக்குக் கொடுத்தார். மேசேதா, தம்லுக் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருந்தன. இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தார்கள். சங்கரலிங்கம் புது வீட்டில் எங்கே கட்டில் போடுவது, எங்கே நாற்காலி போடுவது என்று பேசிக்கொண்டே வந்தார். அக்கா எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார்.

ஸ்டேஷனிலிருந்து டோட்டோ என்கிற பேட்டரி வண்டியில் போய் இறங்கினோம். அழகான வீடு. முன்புறம் வராந்தா, அதற்கு முன்னால் மணல், அப்புறம் கடல்தான். வடிவு அக்கா இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டார். காற்றில் புடவைத் தலைப்பு பறந்ததைப் பிடிக்கவும் மறந்து நின்றார். பிடிக்காமல் இருக்குமா என்று அவர் கேட்டதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. சங்கரலிங்கம் கடலைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் வேலையைப் பார்த்தேன். சுவர் நன்றாக இருந்தது, கூரையும் நன்றாக இருந்தது. மணலில்தான் கோளாறு. சவுக்கு மரங்கள் நாலைந்து வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து நேர்மையாகப் போட்டால் தொகை அரை மாதப் பென்ஷனுக்குள் வந்தது. மயிரிழையில் உள்ளே. சாய்ந்து கிடக்கிற மரங்களைச் சாக்கிட்டுக் கொஞ்சம் ஏற்றினால் வெளியே போய்விடும். அப்படி ஏற்றினாலும் தப்பென்று ஒருவரும் சொல்ல முடியாது. சரியான தொகையைச் சொன்னால் திங்கட்கிழமை அவர்களுடைய ஃப்ளாட் போய்விடும். அந்த மணலில் நின்றுகொண்டு நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

வராந்தாவில் மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தார் சங்கரலிங்கம். அக்கா பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினார். இருவரும் சட்டென்று கைகட்டாத குறையாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

“சொல்லுங்க மேடம்,” என்றார் அவர்.

“இன்னும் சில கேள்விகள் கேட்கணும் சார்.”

என் முதல் மேனேஜர் எல்லாக் கேள்விகளையும் பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி உரக்கக் கேட்பார். பதில் கண்முன்னால் தெரிந்தாலும் கேட்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். எனக்கும் அதே பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. கட்டி எத்தனை வருஷம் ஆச்சு என்று கேட்டேன். கூரை கான்கிரீட்டா என்று, தலைக்கு மேலே கான்கிரீட்டை வைத்துக்கொண்டே கேட்டேன். பக்கத்தில் கடை, குடோன் உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் சங்கரலிங்கம் டக் டக்கென்று பதில் சொன்னார்.

“வீடு தொடர்ந்து ஒரு மாசத்துக்கு மேல பூட்டிக் கிடக்குமா?”

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ரேட் வேறு, விதி வேறு. அதனால் அது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

“பூட்டவே மாட்டோம்,” என்றார் அவர்.

“பூட்டித்தான் கிடக்கும்,” என்றார் அக்கா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அக்கா தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுத் தானே திடுக்கிட்டதைப் பார்த்தேன். வேண்டுமென்று சொன்னதில்லை. கேள்வி கேட்டதும் உள்ளே இருந்த பதில் வந்துவிட்டது. 

“ஏன் பூட்டிக் கிடக்கும்?” என்று அவர் கேட்டார்.

எனக்கு நடுவில் புகுந்து எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. பேசாமல் இருந்தேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் கஷ்டமானது இந்த வாய்மூடல்தான். 

“உங்களுக்கு முடியாமப் போனா பூட்டிட்டு ஓடணும்லா,” என்றார் அக்கா, மெதுவாக.

“எனக்கு என்ன?”

“தலகாணியை முதுகுக்கு முட்டுக் குடுத்து, உக்காந்துக்கிட்டே தூங்குதீக. நான் தூங்குதேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீக. நான் எங்கே தூங்குதேன்.”

சங்கரலிங்கம் வெகு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

“தெரியாமலா அவசரப்படுதேன்?” என்றார் கடைசியில். “எனக்கப்புறம் பையன் உன்னைப் புனேக்குக் கூட்டிட்டுப் போயிருவான். நல்ல பையன்தான், குறை சொல்லலை. ஆனா எத்தனையோ மாடிக்கு மேலே ஒரு ரூம்புல உக்கார வச்சிருவான். அங்கே கடலும் கிடையாது, ஆறும் கிடையாது. இந்த வீடு உன் பேருல இருந்தா உன்னை யாரும் அசைக்க முடியாது. நான் இருக்கும்போதே உன்னை இங்கே உக்கார வச்சுட்டுப் போயிரணும்னு பாத்தேன்.”

“நீங்க இல்லாத இடத்துல கடலை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றார் வடிவு அக்கா.

பின்பக்கச் சுவரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போனேன். அந்தச் சுவரை ஏற்கனவே இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. அங்கே நின்று நன்றாக அழுதேன். ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் அழக்கூடாது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வந்தால் அழுங்கள், சுவருக்குப் பின்னால் போய் அழுங்கள்.

திரும்பி வந்தபோது அவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கித் தண்ணீருக்குப் போயிருந்தார்.

“அந்தத் தொகையைச் சொல்ல வேண்டாம் மேடம்,” என்றார் சங்கரலிங்கம். “உள்ளேன்னு சொன்னாலும் வெளியேன்னு சொன்னாலும் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிடும். வீடு வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு.”

சரி என்றேன். ஆனால் எப்படியும் அவரிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று என்னிடம் பாக்கி இருந்தது. புயல் வந்து சுவர் விழுந்தால் கொடுப்போம், கடல் உள்ளே புகுந்து நாசம் பண்ணினால் கொடுப்போம், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணைக் கொண்டுபோனால் மட்டும் கொடுக்க மாட்டோம், அதற்கு எந்தப் பிரீமியமும் கிடையாது என்றேன்.

“அப்போ பூட்டிட்டு ஓடவும் வீடு இருந்திருக்காது,” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் மறுபடி மூச்சு வாங்கியது. இந்த முறை வெயில் மேல் பழி போடவில்லை.

வடிவு அக்கா முழங்கால் வரை நனைந்த புடவையோடு படியேறி வந்தார். முகம் சின்னப் பெண் மாதிரி இருந்தது. “தண்ணி நல்லா இருக்கு,” என்றார். பிறகு கணவரின் காலடியில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைக் கையில் சேர்த்து, அந்த உப்புத் தண்ணீரை அவருடைய பாதங்களின்மேல் பிழிந்துவிட்டார்.

“உங்களால மணல்ல நடக்க முடியாதுல்லா,” என்றார்.

அவரும் முடியாதுதான் என்று தலையாட்டினார்.

நாங்கள் சாயங்கால வண்டி வரைக்கும் அங்கேயே இருந்தோம். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அக்கா பையில் எடுத்து வந்திருந்த முந்திரிக்கொத்தை மூன்று பேரும் தின்று தீர்த்தோம். அந்தத் தொகையை இதுவரை நான் அவர்களிடம் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு குளிர் காலத்தில் ஒரு லாட்ஜில் தங்கி இரண்டு பேரும் கடல் பார்த்துவிட்டு வருவதாக அக்கா போனில் சொல்வார், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று விசாரித்துக்கொண்டுதான் ரூம் போடுவாராம்.

அதனால் சொல்கிறேன். உங்கள் போனில் வருகிற கேள்விகளை நீங்களே தட்டிவிடாதீர்கள். அது உங்களுக்கு ரேட் போடுவதற்கான கேள்வி, எதிரே இருப்பவருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்வி. யாருக்காக வீடோ அவர்கள் எல்லோரும் இருக்கிற இடத்தில், வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தொகையைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. உங்களைச் சாமியாக்கி யாராவது பூக்கட்டிப் பார்த்தால் பல்லைக் காட்டிக்கொண்டு அந்தப் பீடத்தில் ஏறி உட்காராதீர்கள்.

அன்றைக்குத் திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன். வண்டியிலேயே சங்கரலிங்கம் போனை எடுத்து, ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் தருவதாக இருந்தவரைக் கூப்பிட்டார். “ஹோபே நா, தாதா,” என்றார். நடக்காது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஏதோ சத்தம் போட்டார். இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போனை வைத்தார். வடிவு அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் இருட்டில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஹவுராவில் இறங்கி நடந்தோம். காலையில் உட்கார்ந்த அதே பெஞ்சு வந்ததும் அக்கா நின்றார். 

“எனக்குக் கால்...” என்று ஆரம்பித்தார்.

“உன் கால் நல்லாத்தான் இருக்கு. அது எனக்கு எப்பவோ தெரியும்,” என்றார் சங்கரலிங்கம். “எனக்குத்தான் மூச்சு வாங்குது. உக்காருவோம்.”

வடிவு அக்கா கையில் இருந்த பையை இறக்கி வைத்துவிட்டு, அவர் நன்றாகச் சாய்ந்துகொள்ள இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளவில்லை. கையை அவர் முதுகில் வைத்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். ஜனங்கள் எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மூச்சு அடங்குகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம்.